சும்மா கிடந்த நாலு ஒயர்

ஒன்பது நாட்கள் நான் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நான்கு. காலையில் சோதித்தாலும் அதுதான், மத்தியானம் சோதித்தாலும் அதுதான். நாங்கள் எடுத்திருந்தது முந்நூறு எம்பிபிஎஸ் வேக இணையத் திட்டம். கீழறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்து, ஒயர் ஏதும் இல்லாமல் சோதித்தால் இருநூற்று எழுபது, எண்பது என்று காட்டும். அதே ரவுட்டரிலிருந்து சுவருக்குள் ஓடும் ஒயர் வழியாக மாடிக்கு வந்து என் மடிக்கணினிக்குள் நுழைந்தால் தொண்ணூற்று நான்கு. காற்றில் வருவதைவிட ஒயரில் வருவது குறைவு. இதை யாரிடம் சொன்னாலும், நீ எதையாவது தப்பாகச் சொருகியிருப்பாய் என்றுதான் முதலில் சொன்னார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது இருநூறு. அதுவும் ஒயரில்.

ஒரு திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் ஒயர் இணைப்பில் குறைந்தது இருநூறு வேகம் காட்ட வேண்டும், வாடிக்கையாளர் அப்படிக் கேட்கிறார், அடுத்த வாரம் வியாழன் காலை பதினோரு மணிக்குத் திரையைப் பகிர்ந்து சோதனை. காட்ட முடியாதவர்கள் அதற்கடுத்த திங்கள் முதல் வாரம் ஐந்து நாளும் சிறுசேரி அலுவலகத்துக்கு வர வேண்டும்.

அஸ்தினாபுரத்திலிருந்து சிறுசேரிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அது எனக்கு ஒன்றும் பெரிதில்லை. கல்லூரிக்கு அதைவிட மோசமான பேருந்துகளில் நின்றுகொண்டே போயிருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்குக் குரோம்பேட்டையில் மருத்துவமனைப் படுக்கையில் இருக்க வேண்டும். முடிந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வரப் பதினொன்றாகிவிடும். வந்ததும் படுத்துவிடுவாள். அன்று முழுக்க ரத்த அழுத்தம் இறங்கும், ஏறும். எழுந்து நின்றால் தலை சுற்றும். என் ஷிஃப்ட் மத்தியானம் ஒரு மணிக்கு, மாடியில். அப்பா வயரிங் வேலைக்குப் போகிறவர். கூடுவாஞ்சேரியோ பெருங்களத்தூரோ, எங்கே கட்டடம் எழும்புகிறதோ அங்கே. வாரத்தில் மூன்று நாள் வரமாட்டேன் என்று சொல்கிற வயர்மேனை எந்த மேஸ்திரியும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆகவே அந்த இருநூறு வராவிட்டால், ஒன்று என் வேலை போக வேண்டும், இல்லை அம்மா தனியாகக் கிடக்க வேண்டும். மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று நான் தேடாத இடமில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு வெள்ளை டப்பாக்கள். ஒன்று கீழறையில், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், ரவுட்டரோடு சேர்ந்தது. இன்னொன்று மாடியில், என் மேசைமேல். இரண்டும் சேர்ந்து ஒரே வைஃபையாக வீடு முழுக்கப் பரவும். மெஷ் என்று சொல்லி விற்றார்கள். இரண்டையும் இணைக்கிறது சுவருக்குள் ஓடும் ஒரு லேன் ஒயர். அதைப் பிடுங்கிவிட்டால் டப்பாக்கள் காற்றிலேயே பேசிக்கொள்ளும், ஆனால் நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் நூற்று நாற்பது வரும், எண்பது வரும், அம்மா ஃபேனைப் போட்டால் ஒன்று, அணைத்தால் ஒன்று என்பதுபோல் ஆடும். எதைச் செய்தாலும் இருநூறைத் தொடவில்லை. ஒயர்தான் கதி. ஒயரில் தொண்ணூற்று நான்கு.

முதல் நாள் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். இரண்டாம் நாள் மடிக்கணினிக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருக்கும் குட்டி ஒயரை மாற்றினேன், தாம்பரம் கடைவீதியில் புதிதாக வாங்கி. தொண்ணூற்று நான்கு. மூன்றாம் நாள் டப்பாக்களை இடம் மாற்றி, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் வைத்தேன். அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, சாமி படத்த மாத்தி மாத்தி வக்கிற மாதிரி வச்சிகினு கீற?"

"நெட் ஸ்லோவா இருக்கும்மா."

"எனுக்கு நல்லாதானே படம் ஓடுது."

அம்மாவுக்கு நன்றாகத்தான் ஓடியது. எல்லாருக்கும் நன்றாகத்தான் ஓடியது. தொண்ணூற்று நான்கு என்பது குறைந்த வேகம்கூட இல்லை. படம் பார்க்கலாம், பேசலாம், வேலையும் செய்யலாம். இருநூறு என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார், அதற்கு அது போதாது, அவ்வளவுதான். நான்காம் நாள் இரண்டு டப்பாவையும் துடைத்தெடுத்துப் புதிதாக அமைத்தேன். பின்பக்கம் ஊசி குத்தி, விளக்கு சிவந்து, மூன்று முறை மின்னி, மறுபடி கடவுச்சொல் போட்டு, பெயர் வைத்து, அம்மாவின் டிவியைச் சேர்த்து, அப்பாவின் கைபேசியைச் சேர்த்து. இதையெல்லாம் செய்து முடிக்கும்போது ஷிஃப்ட் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. தொண்ணூற்று நான்கு.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கெட்டுப்போன இணைப்பு என்றால் ஏறும், இறங்கும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சுவரில் முட்டி நிற்பதுபோல் ஒரே இடத்தில் நின்றது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும், எந்த நிறம் எந்த வரிசையில் என்று தேர்வில் படம் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஒயரைக் கையில் பிரித்துப் பார்த்தது கிடையாது.

சனிக்கிழமை இணைப்பு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். தோளில் பை, காதில் ப்ளூடூத். கீழறையில் தன் கருவியைச் சொருகிப் பார்த்தார்.

"பாருங்க மேடம், முந்நூறும் ஃபுல்லா வருது. எங்க பக்கம் க்ளியர்."

"மாடியில வரல."

மாடிக்கு வந்தார். சுவரில் இருந்த ஜாக்கில் சொருகினார், டப்பாவின் விளக்கைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க வூட்டு ஒயரிங்ல தான் ஏதோ கீது. யாரு போட்டது, லோக்கல் ஆளா?"

"எங்க அப்பா."

"ஓ."

அந்த "ஓ" எனக்கு ஆகவில்லை. எங்கள் தெருவில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளுக்கெல்லாம் அப்பா ஒயர் இழுத்து முடித்த பிறகு, கடைசியாக எழும்பியது எங்கள் வீடு. இன்றைக்கும் அவர்கள் அவரை எலக்ட்ரீஷியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சில பேர் சார் சேர்த்தார்கள். இதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"இந்தத் தெருவுல பதினோரு வீட்டுக்கு எங்க அப்பாதான் ஒயரிங் போட்டது. ஒரு வீட்டுலயாவது ஏதாவது கோளாறுன்னு யாராவது சொல்லட்டும், பாக்கலாம். உங்க சைடுல சரியா பாக்காம எங்க ஒயரிங்கைச் சொல்லாதீங்க. நானும் எலக்ட்ரானிக்ஸ்தான் படிச்சிருக்கேன்."

"மேடம், நான் தப்பா ஒண்ணும் சொல்லல. பிளேட்ட கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். கழட்டட்டுமா?"

"வேண்டாம்."

அந்த ஒரு "வேண்டாம்" எனக்கு நான்கு நாட்களைத் தின்றது.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு இறங்கினார். வாசலில் நின்று, "கம்ப்ளெயிண்ட் க்ளோஸ் பண்ண ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்" என்றார்.

"வேலை முடியல. ஓடிபி தர முடியாது."

"குடுக்கலன்னா நான் அடுத்த வூட்டுக்கு போக முடியாது மேடம். ஆப்ல இங்கயே நிக்குதுன்னு காட்டும்."

அவர் வண்டியில் சாய்ந்து நின்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வெயில் நேராக அவர் தலைமேல் இறங்கியது. உள்ளேயிருந்து அம்மா, "யார்ரீ அது, கடன்காரன் மாதிரி நின்னுகினு கீறான்? குடுத்து அனுப்புடி" என்றாள். கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து நான்கு எண்களைச் சொன்னேன். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிண்டலா இல்லையா என்று அன்று மாலை முழுக்க யோசித்தேன்.

அதற்குள் மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவரும் எங்கள் பக்கம், குரோம்பேட்டைக்காரர்தான், கெட்டவர் இல்லை.

"என்ன ஆச்சு? வந்துடுச்சா?"

"பாத்துட்டு இருக்கேன் சார். நெட் கம்பெனிக்காரங்க சரியா ரெஸ்பாண்ட் பண்ண மாட்டேங்கறாங்க."

"எனக்குப் புரியுது. ஆனா லிஸ்ட்ல டிக் இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு அட்டெண்டர் மாதிரி வச்சிக்கலாமே அம்மாவுக்கு?"

"பாக்கறேன் சார்."

வைத்துக்கொள்ளலாம்தான். ஒரு அக்காவை முன்பே வைத்துப் பார்த்தோம். அம்மா ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் அளந்து சொல்லியிருக்கிறார். அம்மா கெஞ்சக் கெஞ்ச அந்த அக்கா மனம் இளகிச் செம்பு செம்பாகக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வாரம் மூச்சு முட்டி இரவல் காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அம்மாவிடம் இல்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் என்னால் மட்டும்தான் முடியும். அதைப் போய் மேலாளரிடம் எப்படிச் சொல்வது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். வேலைக்கு நடுவில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்திருந்தேன். கணினி நொடிக்கு ஒரு முறை கீழே இருக்கும் ரவுட்டரைக் கூப்பிடும், அது பதில் சொல்லும், ஒவ்வொரு பதிலும் ஒரு வரி. ஒழுங்காக வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அப்போது என் தலைக்கு மேலே பெல் அடித்தது. அம்மா கீழே கட்டிலருகே இருக்கும் பொத்தானை அழுத்திக் கூப்பிடுகிறாள். இரண்டு வரிகள் பதில் இல்லை என்று விழுந்தன. பிறகு பழையபடி ஓடியது.

கீழே போனேன். போர்வை நழுவியிருந்தது, எடுத்துப் போர்த்தினேன். மேலே வரும்போது மாடிப்படியில் நின்றுவிட்டேன். அம்மா கூப்பிடும்போதெல்லாம் மீட்டிங்கில் என் முகம் ஒரு நொடி உறைந்துபோகும். கூட வேலை செய்கிறவர்கள் அதை வைத்துக் கேலிகூடச் செய்வார்கள். நான் எழுந்திருக்கும் அவசரத்தில் ஒயரை இழுத்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது வரிகள் விழுந்தபோது நான் எழுந்திருக்கவே இல்லை.

திரும்பக் கீழே போனேன்.

"அம்மா, நான் மேல போனதும் பெல்ல ஒரு தடவை அடி."

"நீதான் எதுருல நிக்கிறியே. எதுக்கு அடிக்கணும்?"

"சும்மா அடிம்மா."

"தண்ணி தரியா?"

"அம்மா."

"சரி, போ. அடிக்கிறேன்."

அடித்தாள். இரண்டு வரிகள் விழுந்தன. "இன்னொரு தடவை!" என்று மாடியிலிருந்து கத்தினேன். ஒரு வரி. மூன்றாவது முறை நான் கேட்காமலே அடித்தாள், நீளமாக. நான்கு வரிகள்.

சமையலறை இழுப்பறையிலிருந்து டெஸ்டரை எடுத்து வந்து சுவர் பிளேட்டின் இரண்டு திருகுகளையும் கழற்றினேன். எட்டுக் கம்பிகள். படத்தில் போட்ட அதே நிறங்கள். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் ஜாக்குக்குள் போயின. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் போகவில்லை. அவற்றைத் தனியாக ஒதுக்கி, பலத்துக்காக இரண்டிரண்டாக முறுக்கி, ஒரு மெல்லிய ஒயரோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த மெல்லிய ஒயர் சுவருக்குள்ளேயே ஏறி, என் தலைக்கு மேலிருந்த பெல்லுக்குப் போனது. பெல் அடிக்கும்போதெல்லாம் வரிகள் விழுந்தது அதனால்தான். டேப்பின் நுனி மட்டும் ஒட்டாமல், உள்பக்கமாக மடித்து விட்டிருந்தது. அடுத்த முறை பிரிக்கும் ஆள் நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. அப்படி மடிப்பது எங்கள் அப்பா ஒருவர்தான்.

ஜாக்குக்குள் நான்கு கம்பி மட்டும் போனால் நூறுக்குக் கீழேதான் வேகம். முந்நூறு வர எட்டும் வேண்டும். புத்தகத்தில் இருந்தது. எழுதியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்த மடிந்த டேப் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா ஆறரைக்கு வந்தார். சிமெண்ட் தூசி படிந்த சட்டையோடு மாடியேறி வந்தார், நான்தான் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, பிளேட்ட கழட்டிப் போட்டுகிற?"

"இந்த நாலு கம்பியை ஏன்பா எடுத்த?"

"எது? ஓ, அதுவா. சும்மா கெடந்துச்சும்மா. மொத மொத நெட்டு குடுக்க ஒருத்தன் வந்தான்ல, அவன் நாலுதான் சொருகினான். மீதி நாலு எதுக்குப்பான்னேன். அது சும்மா தாண்ணா, கம்பெனிலயே போட்டு வர்றதுன்னான். நல்ல செம்பு. எதுக்கு வேஸ்ட்டா வுடணும், பெல்லுக்கு குடுத்தேன்."

அப்போது எங்களுடையது ஐம்பது வேகத் திட்டம். நான்கு கம்பி போதும். அந்த ஆள் சொன்னது அன்றைக்குப் பொய் இல்லை. அப்பாவின் தொழிலில் குழாய்க்குள் ஒரு கம்பி சும்மா கிடந்தால் அதை விட்டுவைக்கிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று மாலை எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமை மட்டும்தான்.

"இதனாலதான் ஒன்பது நாளா நான் லோல்படறேன். என் வேலையே போகப் போகுது. தெரியாத வேலையில ஏன்பா கைய வைக்கற?"

அப்பா பிளேட்டை எடுத்து, பின்பக்கத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"நீதானேம்மா சொன்ன. செவுத்து மேல ஒயர் தெரியக் கூடாதுன்னு."

சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதம், காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதால் அம்மா கூப்பிடுவது கேட்கவில்லை, ஒரு பெல் வேண்டும் என்று கேட்டவள் நான்தான். அப்பா வெள்ளை ஒயரும் கிளிப் பாக்கெட்டும் வாங்கி வந்தார். மாடிப்படி ஓரமாகச் சுவர்மேலேயே அடித்துக் கொண்டுபோனால் அரை நாள் வேலை. நான்தான் மறுத்தேன். மீட்டிங்கில் எனக்குப் பின்னால் தெரியும், வாடகை வீடு மாதிரி இருக்கும் என்றேன். ஒயர் வெளியே தொங்கும் வீடுகளிலேயே நான் வளர்ந்தவள். சொந்த வீட்டில் அது கூடாது. சுவருக்குள் இருந்த குழாயில் இன்னொரு ஒயர் நுழைய இடமில்லை. அப்பா வாங்கி வந்ததை அப்படியே பரணில் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து, எப்படியோ, ஒரு ஒயரும் வெளியே தெரியாமல் பெல்லை அடிக்க வைத்துவிட்டார். எப்படி என்று நான் கேட்கவே இல்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கீழேயிருந்து பெல் அடித்தது. இருவரும் இறங்கிப் போனோம்.

"அப்பனும் பொண்ணும் அப்புறம் பஞ்சாயத்து வச்சிக்கங்க" என்றாள் அம்மா. "எனுக்கு ஒரு வாய் காபி. இன்னிக்கு கணக்குல பாக்கி கீது, ஏமாத்தாதீங்க."

கம்பிகளை மறுபடி ஜாக்கில் ஏற்ற அழுத்துகிற கருவி அப்பாவிடம் இல்லை. அவருடைய வேலைக்கு அது தேவைப்பட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை ஆளின் எண் என் கைபேசியில் இருந்தது. மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தேன். நான்காவது முறை மணி போய்விட்டது.

"யாருங்க?"

"அஸ்தினாபுரம். மாடியில ஸ்பீடு வரலன்னு..."

"ஆங், தெரியுது மேடம். ஒயரிங்ல கோளாறு இல்லன்னீங்களே?"

"இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "நாளிக்கி பன்னெண்டுக்குள்ள வரேன்" என்றார்.

மறுநாள் புதன். அம்மாவை அப்பா கூட்டிக்கொண்டு போனார். வேலைக்கு வரவில்லை என்று மேஸ்திரியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. பதினொன்றரைக்கு அம்மாவைத் திரும்பக் கூட்டி வந்து படுக்க வைத்தார். பன்னிரண்டுக்கு அந்தச் சனிக்கிழமை ஆள் வந்தார். பிளேட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டார்.

"நெட்டு ஒயர்ல காலிங் பெல்லு! ஆறு வருசமா இந்த வேலைல கீறேன், இத பாத்ததில்ல. யாரு மேடம் இந்த மூளை?"

"நான்தாம்ப்பா" என்றார் அப்பா, வாசல்படியிலிருந்து.

அவர் சிரிப்பு நின்றது. "அண்ணா, சாரிண்ணா. கிண்டல் பண்ணல."

"பரவால்ல. நாலு போதும்னு உங்க ஆளுதான் சொன்னான்."

"அப்ப போதும்ண்ணா. இப்ப ஸ்பீடு ஏத்திட்டாங்க, எட்டும் கேக்குது. ஆனா ஜாயிண்ட்டு சுத்தமா போட்டுகிறீங்க. நாங்க பிரிக்கிற டேப்பெல்லாம் பிசுபிசுன்னு கையில ஒட்டும். இது பாருங்க, இழுத்தா வருது."

அப்பா கிட்டே போய் உட்கார்ந்தார். இருவரும் தலையைத் தலையோடு முட்டாத குறையாகக் குனிந்துகொண்டார்கள். அவர் கம்பிகளை வரிசைப்படுத்தினார், அப்பா பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். அந்த ஆள் ஒரு முறை சொன்னதும் அடுத்த முனையில் அப்பாவே நிறங்களை அடுக்கிக் கொடுத்தார். கருவி கடக்கென்று அழுத்தும் சத்தம் மாடியில் ஒரு முறை, கீழே ஒரு முறை.

"உங்க பொண்ணு அன்னிக்கி என்ன கிழிச்சு தொங்கவுட்டாங்கண்ணா" என்றார் அவர், கருவியைத் துடைத்துக்கொண்டே.

"எதுக்கு?"

"ஒயரிங்க யாரு போட்டதுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டேன். அவ்ளோதான். தெருவுல பதினோரு வூடு எங்கப்பா போட்டதுன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க. வெயில்ல கால் மணி நேரம் ஓடிபி குடுக்காம நிக்க வச்சாங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கறுப்பு டேப் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு" என்றார். "மூலை வூட்டையும் சேத்தா பன்னெண்டு."

மடிக்கணினியில் சோதித்தேன். இருநூற்று எண்பத்தாறு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. தூக்கம்தான் வந்தது. அவர் வாசலுக்குப் போவதற்கு முன்னாலேயே ஓடிபியைச் சொல்லிவிட்டேன். "இன்னும் நான் கேக்கவே இல்லியே மேடம்" என்று எழுதிக்கொண்டார். அப்பா அவரை மோர் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

இப்போது இருநூற்று எண்பத்தாறு இருந்தது, பெல் இல்லை. வியாழன் காலை அம்மாவின் கட்டிலில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் வைத்தேன். பதினோரு மணிக்கு மேலாளரும், பார்த்திராத இன்னொருவரும் திரையில் இருந்தார்கள். சோதனையைத் தொடங்கச் சொன்னார்கள். வேகம் காட்டும் முள் ஏறத் தொடங்கியபோது கீழே டம்ளர் அடித்தது. டங், டங், டங்.

"என்ன சத்தம்?" என்றார் அந்த இன்னொருவர்.

"ஒண்ணுமில்ல சார்."

முள் இருநூற்று ஐம்பதில் இருந்தது. டம்ளர் நிற்கவில்லை. இருபது நொடிகூட இல்லாத சோதனைதான். நாற்காலியின் நுனியில், ஒரு கால் ஏற்கனவே கதவுப் பக்கம் திரும்பி, திரையைப் பார்த்தபடி இருந்தேன். முடிந்தது. இருநூற்று எண்பத்து மூன்று. சரி, ஆறு மாதத்துக்கு ஓகே, அப்புறம் மறுபடி ரிவ்யூ என்றார்கள். தேங்க்யூ சார் என்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன்.

அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் கரண்டி.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"பாஸா?" என்றாள்.

அடுத்த நாள் அப்பா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒயரே இல்லாத பெல் ஒன்று வாங்கி வந்தார். பேட்டரியில் ஓடும். பொத்தானை அம்மாவின் தலையணைக்கு அருகில் ஒட்டினோம், பெல்லை மாடியில் மாட்டினோம். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு டீச்சரும் அதே சந்தையில் அதே பெல்லைத்தான் வாங்கியிருக்க வேண்டும். அவர் வீட்டு வாசலில் யார் பொத்தானை அழுத்தினாலும் என் தலைக்கு மேலே அடித்தது. பால்காரர் வந்தால் அடித்தது. கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா வந்தால் இரண்டு முறை அடித்தது. கூரியர் வந்தால் விடாமல் அடித்தது. நான் ஒவ்வொரு முறையும் இறங்கினேன். அவர்களாக இருக்கும் என்று பாதிப் படியில் தெரியும். ஆனாலும் திரும்பி ஏற முடியாது. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மேலே வருவேன். ஒருநாள் பதினான்கு முறை.

"நான் அடிக்கலடி" என்பாள் கண்ணைத் திறக்காமலே. "டீச்சர் வூட்டுல வஞ்சிரம் வாங்கறாங்க."

ஒன்றரை வாரம் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பரணில் போட்ட வெள்ளை ஒயரும் கிளிப்பும் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கீது. எதுக்கு?"

"படி ஓரமா வெளியவே அடிச்சிடுப்பா. பெல்லுக்கு."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"தெரியுமேம்மா. உன் மீட்டிங்குல."

"தெரிஞ்சா தெரியட்டும்பா. என்னால இறங்க முடியல."

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப், நூல் பிடித்ததுபோல் நேராக, கதவு நிலையைச் சுற்றி, எனக்குப் பின்னாலிருக்கும் சுவரில் ஏறி, பழைய பெல்லுக்கு. இப்போதும் மீட்டிங்கில் என் வலது தோளுக்கு மேலே அந்த வெள்ளைக் கோடு தெரிகிறது. யாரும் இதுவரை கேட்கவில்லை. அடுத்த ரிவ்யூ பங்குனியில் வரும் என்கிறார்கள். அதற்குள் வாடிக்கையாளர் வேறொரு எண்ணைக் கேட்கலாம்.

பெல் அடிக்கிறது. இது அம்மாதான்.